ராஞ்சி 2024: இரண்டு 0–1 தோல்விகளும் பெனால்டி கார்னரும்

நீலத்தரை எழுதியது:

பாரிஸ் ஒலிம்பிக்குக்கான மகளிர் ஹாக்கி தகுதிச்சுற்று 2024 ஜனவரி 13 முதல் 19 வரை ராஞ்சியில் நடந்தது. மாரங் கோம்கே ஜெய்பால் சிங் முண்டா மைதானம். எட்டு அணிகள், மூன்று இடங்கள். ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் மூன்றும் பாரிஸ் போயின. இந்தியா நான்காவதாக வந்து வெளியே நின்றது.

இந்தியாவின் ஐந்து ஆட்டங்கள்:

அமெரிக்காவிடம் 0–1
நியூசிலாந்தை 3–1
இத்தாலியை 5–1
அரையிறுதியில் ஜெர்மனியுடன் 2–2, ஷூட்-அவுட்டில் 3–4
மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் 0–1

ஜெர்மனி ஆட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 57-வது நிமிடத்தில் ஸ்டாப்பென்ஹார்ஸ்ட் இரண்டாவது கோல் போட்டு ஜெர்மனியை முன்னே கொண்டுபோனார், 59-வது நிமிடத்தில் இஷிகா சவுத்ரி சமன் செய்தார். நெஞ்சு படபடக்கும் ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் இந்தியாவை வெளியே தள்ளியது இரண்டு 0–1 தோல்விகள்தான். அமெரிக்காவுக்கு அபிகெய்ல் டேமர் ஒரு கோல். ஜப்பானுக்கு கானா உராட்டா ஆறாவது நிமிடத்தில் பெனால்டி கார்னரிலிருந்து (கோலுக்கு முன் தடுப்பவர்கள் தவறு செய்தால், பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் வாய்ப்பு) ஒரு கோல். அதற்குப் பிறகு 54 நிமிடம் இருந்தது. இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

"டிராக் ஃபிளிக்கர் இல்லை, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிறார்கள். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்துக் கோலுக்கு விடுபவர்தான் டிராக் ஃபிளிக்கர்; இந்தியாவுக்கு அந்த வேலையைச் செய்துவந்தவர் குர்ஜித் கவுர். குர்ஜித் கவுர் அந்த அணியில் இல்லை என்பது உண்மை. ஆனால் பெனால்டி கார்னர் ஒருவர் செய்யும் வேலை இல்லை. பந்தை உள்ளே தள்ளுபவர், நிறுத்துபவர், இழுத்து விடுபவர், தடுபட்டுத் திரும்பும் பந்துக்கு, அதாவது ரீபவுண்டுக்கு, கோலுக்கு முன் போகிறவர் என்று நான்கு கண்ணிகள். முதல் இரண்டு தளர்ந்தால் மூன்றாவது ஆள் யாராக இருந்தாலும் பயனில்லை. அதைத்தான் இந்த இழையில் பிரித்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

---

இடதுகோடி எழுதியது:

நல்ல இழை. ஆனா ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கணும். அமெரிக்கா ஆட்டத்துல போனது 3 புள்ளி மட்டும் இல்ல, பாதையே மாறிடுச்சு.

பி பிரிவுல அமெரிக்கா மூணு ஆட்டமும் ஜெயிச்சு 9 புள்ளி, இந்தியா 6, நியூசிலாந்து 3, இத்தாலி 0. ஏ பிரிவுல ஜெர்மனி முதல், ஜப்பான் ரெண்டாவது. அரையிறுதியில ஒரு பிரிவோட முதல் அணி, மத்த பிரிவோட ரெண்டாவது அணியோட மோதணும். முதல் நாள் 0–1 தோத்ததாலதான் இந்தியா ஜெர்மனி பக்கம் போச்சு, அமெரிக்காவுக்கு ஜப்பான் கிடைச்சுது. அமெரிக்கா அதுல ஜெயிச்சு ஃபைனலுக்குப் போய் அங்கேயே டிக்கெட் வாங்கிடுச்சு.

அந்த முதல் ஆட்டம் டிராவாகியிருந்தாகூட அமெரிக்கா, இந்தியா ரெண்டுக்கும் 7 புள்ளி, ரெண்டு வெற்றி. எஃப்.ஐ.எச். (சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு) விதிப்படி புள்ளி சமமானா முதல்ல வெற்றிகளோட எண்ணிக்கை, அடுத்து கோல் வித்தியாசம். இந்தியா மத்த ரெண்டு ஆட்டத்துல 8 கோல் போட்டு 2 வாங்கியிருக்கு, பிளஸ் 6. ஒரே ஒரு கோல் அந்த முதல் நாள் போட்டிருந்தா பிரிவுல முதலிடத்துக்கு நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

எட்டு அணி, ஒரு வாரம்ங்கற வடிவத்துல முதல் ஆட்டத்துக்கு இருக்கிற எடை இதுதான். லீக் மாதிரி பின்னாடி ஈடுகட்ட இடமே இல்ல.

---

செம்மண்திடல் எழுதியது:

அதற்கும் முன்னாடி போங்கள். ராஞ்சிக்கு வர வேண்டிய கட்டாயமே ஹாங்சோவில் வந்தது. 2023 அக்டோபரில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றிருந்தால் நேரடியாகப் பாரிஸ். அரையிறுதியில் சீனாவிடம் 0–4. சீனா தங்கம் எடுத்துப் போய்விட்டது, இந்தியா ஜப்பானை 2–1 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பியது. அதே ஆண்டு நவம்பரில் ராஞ்சியில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்தில் அதே ஜப்பானை 4–0. இரண்டரை மாதம் கழித்து, அதே மைதானத்தில், அதே ஜப்பானிடம் 0–1.

ஆகவே எதிரணியைத் தெரியாமல் தோற்றதாகச் சொல்ல முடியாது.

---

புதுமட்டை எழுதியது:

ஒரு அடிப்படைக் கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். பெனால்டி கார்னரில் பந்து நின்றதும் முழு பலத்தோடு மேல் வலையைப் பார்த்து ஓங்கி அடித்துவிட்டால் என்ன? எதற்கு இத்தனை சிரமப்பட்டு இழுத்து விட வேண்டும்?

---

நீலத்தரை எழுதியது:

புதுமட்டை, கேட்க வேண்டிய கேள்விதான். விதி அதை அனுமதிக்காது.

பெனால்டி கார்னரில் கோலை நோக்கிய முதல் ஷாட் ஓங்கி அடித்ததாக இருந்தால், பந்து கோல்கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கோலின் அடியில் தெரியும் பலகை இருக்கிறதே, அதன் உயரம்தான் அது. அதற்கு மேல் போனால் கோல் கிடையாது. ஸ்லாப் ஷாட்டும் (தரையை ஒட்டி மட்டையை நீளமாக வீசி அடிப்பது) அடி கணக்கில்தான் வரும். ஆனால் தள்ளுவது, ஃபிளிக் செய்வது (தள்ளியே தூக்கி விடுவது), ஸ்கூப் செய்வது (மட்டையை அடியில் கொடுத்துத் தூக்குவது) இவற்றுக்கு அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை, ஆபத்தாக இல்லாதவரை. கோலின் உயரம் 2.14 மீட்டர், அகலம் 3.66 மீட்டர். அடித்தால் கோலின் கீழ்ப் பட்டை மட்டும்தான் உங்களுக்கு. ஃபிளிக் செய்தால் கோல் முழுவதும். டிராக் ஃபிளிக்குக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் அதுவே.

இனி முழு வரிசையையும் சொல்கிறேன்.

கோல்கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் பந்து வைக்கப்படும். இன்ஜெக்டரின் (பந்தை உள்ளே தள்ளுபவர்) ஒரு காலாவது களத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பாதுகாக்கும் அணியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேருக்கு மேல் பின்கோட்டுக்குப் பின்னால் நிற்க முடியாது, மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்து டி-யை (கோலுக்கு முன் அரைவட்டமாக வரைந்த பகுதி) விட்டு வெளியே போன பிறகே கோலுக்கு ஷாட் எடுக்கலாம். பந்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் இப்போது இல்லை. ஆனாலும் இழுத்து விட வேண்டும் என்றால் நிறுத்தாமல் முடியாது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். பந்து வைக்கும் புள்ளி கோலின் நடுவிலிருந்து 11.83 மீட்டர் பக்கவாட்டில். டி-யின் உச்சி கோல்கோட்டிலிருந்து 14.63 மீட்டர். சாய்வாகப் பார்த்தால் பந்து கடக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 19 மீட்டர். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் தள்ளினால் 1.3 விநாடி. நிறுத்தி, இழுத்து, விடுவதற்கு இன்னொரு 0.6 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1.9 விநாடி. கோல்கோட்டிலிருந்து பாய்ந்து வரும் முதல் ரஷர் விநாடிக்கு சராசரி 5 மீட்டர் ஓடினால், இந்த நேரத்தில் 9.5 மீட்டர் வந்துவிடுவார். ஃபிளிக்கர் டி-க்குள் ஒன்றரை மீட்டர் இழுத்து விடுகிறார் என்றால் இருவருக்கும் நடுவே மூன்றரை மீட்டர்தான் மிச்சம்.

இன்ஜெக்ஷன் விநாடிக்கு 13 மீட்டராகக் குறைந்தால்? 19 மீட்டருக்கு 1.46 விநாடி. ரஷர் இன்னும் 80 சென்டிமீட்டர் நெருங்குகிறார். நிறுத்தும்போது பந்து ஒரு துள்ளு துள்ளி, சரிசெய்ய 0.2 விநாடி போனால் இன்னொரு மீட்டர். மூன்றரை மீட்டர் இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. அங்கிருந்து கோலின் வலது மூலையே ஃபிளிக்கருக்குத் தெரியாது, ரஷரின் மட்டையும் காலும்தான் தெரியும்.

இதைத்தான் "ஃபிளிக் பலவீனம்" என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஃபிளிக்கர் கடைசியாக பந்தைத் தொடுகிறவர் என்பதால் பழி அவர் மேல் விழுகிறது.

---

கோல்வலை எழுதியது:

நீலத்தரை சொன்னதில் ஸ்டாப்பர் (பந்தை நிறுத்துபவர்) பகுதியை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் தண்ணீர் விட்ட தரையில் பாதிக்கு மேல் அங்கேதான் கெட்டுப்போகிறது.

நன்றாக நனைந்த தரையில் பந்து உருளாமல் வழுக்கிக்கொண்டு வரும். ஆட்டம் போகப்போகத் தரை உலர்ந்தால் வேகம் குறைந்து, குதிக்க ஆரம்பிக்கும். ஒரே ஆட்டத்திலேயே முதல் கால் பகுதியில் வரும் இன்ஜெக்ஷனும் நான்காம் கால் பகுதியில் வரும் இன்ஜெக்ஷனும் ஒன்றாக இருக்காது. ஸ்டாப்பர் மட்டையை ஏறக்குறைய படுக்க வைத்து, கைப்பிடிப் பக்கத்தைப் பந்து வரும் திசைக்குச் சற்று முன்னால் சாய்த்து, பந்து மட்டைக்கும் தரைக்கும் நடுவே சிக்கும்படி பிடிக்க வேண்டும். இறுக்கமாகப் பிடித்தால் பந்து பட்டுத் தெறிக்கும். மேல் கை தளர்வாக இருந்தால் பந்தின் வேகம் மட்டையிலேயே அடங்கும்.

நிறுத்துவது மட்டும் போதாது, எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம். டி கோட்டை ஒட்டி வெளியே, கோட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபிளிக்கர் தன் அடிகளை எண்ணி வைத்துத்தான் ஓடி வருகிறார். கடைசிக் குறுக்கடி போட்டு, இடது கால் பந்தைத் தாண்டி ஊன்றும்போது பந்து உடம்புக்குப் பின்னால் மட்டைத் தண்டில் மாட்ட வேண்டும். ஸ்டாப் ஒரு அடி தள்ளிப்போனால் அந்த எண்ணிக்கை குலைந்து, இழுப்பின் நீளம் குறுகும். நீளம் குறுகினால் வேகம் குறையும். வேகத்தைக் கைவலிமையால் ஈடுகட்டப் பார்த்தால் பந்து கோலுக்கு மேலே போகும்.

மட்டையையும் சொல்ல வேண்டும். விதிப்படி மட்டையின் வளைவு 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, வளைவின் உச்சம் கொண்டையின் (பந்தைத் தொடும் வளைந்த நுனி) அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. ஃபிளிக்கர்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் வளைவு இருக்கும் மட்டையை எடுப்பார்கள், பந்து தண்டில் மாட்டிக்கொண்டு வர அது உதவும். அதே மட்டையில் நேராக ஓங்கி அடிப்பது கடினம், பந்து தூக்கிக்கொள்ளும். நடுக்களத்தில் ஆடிக்கொண்டே ஃபிளிக்கும் செய்யும் வீராங்கனைக்கு இது உண்மையான சிக்கல்.

---

இடதுகோடி எழுதியது:

> குர்ஜித் கவுர் அந்த அணியில் இல்லை என்பது உண்மை. ஆனால் பெனால்டி கார்னர் ஒருவர் செய்யும் வேலை இல்லை.

நீலத்தரை அண்ணே, இந்த இடத்துல நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கோங்க. குர்ஜித் அங்க போட்டது 4 கோல். பிரிவு ஆட்டங்கள்ல ஒண்ணுகூட இல்ல. நாலும் நாக்-அவுட்ல. காலிறுதியில ஆஸ்திரேலியாவோட 22-வது நிமிஷம், அதுதான் 1–0. அரையிறுதியில அர்ஜென்டினாவோட ரெண்டாவது நிமிஷம். வெண்கல ஆட்டத்துல கிரேட் பிரிட்டனோட 25, 26-வது நிமிஷம், 0–2-ல இருந்து 2–2. நாலுமே பெனால்டி கார்னர்.

எதிர்ப்பக்கமும் பாருங்க. அர்ஜென்டினாவோட ரெண்டு கோலும் பாரியோநுவேவோ, ரெண்டும் பெனால்டி கார்னர். வெண்கல ஆட்டத்துல 48-வது நிமிஷம் பால்ஸ்டன் போட்ட வெற்றி கோலும் பெனால்டி கார்னர்தான். நாக்-அவுட் ஹாக்கின்னா களத்துல ஓடி போடற கோல் அரிது, எல்லாரும் டி-யை அடைச்சுட்டு நிப்பாங்க. அப்போ ஒரு ஆள், இந்த வேலையை மட்டும் வருஷக்கணக்கா செஞ்ச ஆள், அணியில இருக்கணும். 18 பேர்ல ஒரு இடத்தை அதுக்குன்னு ஒதுக்கறது ஆடம்பரம் இல்ல.

---

செம்மண்திடல் எழுதியது:

இடதுகோடி சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் தேர்வாளர் பக்கத்து நியாயமும் உண்டு. ஃபிளிக்குக்கு என்று எடுக்கும் ஆள் பெரும்பாலும் பின்களத்தில் ஆடுவார். அங்கே ஜெர்மனியின் வேகமான முன்களத்தைத் தடுக்க ஓட்டம் வேண்டும். ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம்தான், ஆனால் பெனால்டி கார்னர் கொடுத்த பிறகு பெஞ்சிலிருந்து ஃபிளிக்கரை இறக்க முடியாது. பெனால்டி கார்னர் விசில் ஊதியதிலிருந்து அது எடுத்து முடியும்வரை ஆள் மாற்றம் கிடையாது, பாதுகாக்கும் அணியின் கோல்கீப்பருக்குக் காயம் பட்டால் அல்லது அவருக்கு அட்டை காட்டப்பட்டால் மட்டும் விலக்கு. அதனால் ஃபிளிக்கர் அந்த நேரத்தில் களத்தில் இருந்தாக வேண்டும். அவர் வெளியே உட்கார்ந்திருக்கும் நான்கு நிமிடத்தில் கார்னர் கிடைத்தால் இரண்டாம் ஆள்தான் எடுக்க வேண்டும்.

அதனாலேயே நல்ல அணிகள் இரண்டு வரிசை வைத்திருப்பார்கள். டி-யின் உச்சியில் ஒரு ஸ்டாப்பர்–ஃபிளிக்கர் ஜோடி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி. பந்து எந்த ஜோடிக்குப் போகும் என்பது கடைசி நொடிவரை ரஷருக்குத் தெரியாது. ரஷர் நேர்கோட்டில் பாய முடியாமல் 0.2 விநாடி தயங்கினாலே அந்த மூன்றரை மீட்டர் நாலரை ஆகும்.

ரஷர் பக்கத்து விதியும் இங்கே முக்கியம். முதல் ஷாட் எடுக்கும்போது ஐந்து மீட்டருக்குள் இருக்கும் தடுப்பாளருக்கு முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் மறுபடியும் பெனால்டி கார்னர். வழக்கமான நிலையில் நிற்பவருக்கு முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் ஷாட் ஆபத்தானது என்று ஆகி, தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட். ஆகவே நெருங்கி வரும் ரஷர் மேல் உயரமாக ஃபிளிக் செய்தால் கார்னரே கையை விட்டுப் போகும். தாழ்வாக அவர் காலில் பட்டால் இன்னொரு வாய்ப்பு. ஒரு அணிக்குக் கார்னர் எண்ணிக்கை மளமளவென்று ஏறுவதும் கோல் எண்ணிக்கை அப்படியே நிற்பதும் இதனால்தான். மூன்று கார்னர் வரிசையாக வந்தது என்றால், இரண்டு முறை பந்து ரஷரின் காலில் பட்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். அதை ஆதிக்கம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

---

புதுமட்டை எழுதியது:

நன்றி, இப்போது ஆட்டம் வேறு மாதிரி தெரிகிறது. தடுக்கிறவர்கள் பந்து தள்ளுவதற்கு முன்பே ஓட ஆரம்பித்தால்?

---

செம்மண்திடல் எழுதியது:

முன்கூட்டி ஓடியவர் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும், அவருக்குப் பதில் வேறு ஆள் வர முடியாது. ஐந்து பேர் நான்காவார்கள். கோல்கீப்பர் முன்கூட்டி வெளியே வந்தால் அவர் போக வேண்டியதில்லை, வேறு ஒரு தடுப்பாளர் போக வேண்டும். தாக்கும் பக்கம் இன்ஜெக்டர் தள்ளுவதுபோல் பாவனை காட்டினால் அவரும் நடுக்கோட்டுக்கு அப்பால், வேறு ஆள் வந்து தள்ளலாம்.

---

கோல்வலை எழுதியது:

ஜெர்மனி ஆட்டத்தின் ஷூட்-அவுட்டைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அதில் வென்றிருந்தால் ஜப்பான் ஆட்டமே தேவைப்பட்டிருக்காது.

முறை இதுதான். 23 மீட்டர் கோட்டில், கோலுக்கு நேர் எதிரே பந்து. கோல்கீப்பர் கோல்கோட்டில் அல்லது அதற்குப் பின்னால். அம்பயர் விசில் ஊதியதும் 8 விநாடி. ஒவ்வொரு அணிக்கும் ஐந்து பேர். சமமானால் சடன் டெத், அதாவது ஒரு ஜோடி முயற்சியில் ஒரு அணி போட்டு மற்றது தவறவிட்டால் அத்தோடு முடிவு. அடுத்த சுற்றில், முந்தைய சுற்றை ஆரம்பித்த அணி முதலில் தடுக்க வேண்டும். அதே ஐந்து பேர்தான், வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கோல்கீப்பர் தெரியாமல் ஃபவுல் செய்தால் அந்த முயற்சி மறுபடியும், வேண்டுமென்றே செய்தால் பெனால்டி ஸ்ட்ரோக் (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து எடுக்கும் ஒரு ஷாட்).

8 விநாடி என்பது கேட்கச் சின்னதாகத் தெரியும். களத்தில் அது நீளம். டி-க்குள் போய்ச் சேர இரண்டு விநாடி போதும், மீதி ஆறு விநாடியும் கோல்கீப்பருக்கும் தாக்குபவருக்கும் நடக்கும் பொறுமைப் பரீட்சை. இந்தியக் கோல்கீப்பர் சவிதா புனியா இதில் உலகத் தரம் என்பதற்குக் காரணம் அவர் சீக்கிரம் படுப்பதில்லை. வேகமாக முன்னே வந்து கோணத்தை அடைத்து, தாக்குபவரைத் தன் மட்டைக் கைக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வைத்து, காலில் நின்றபடியே பின்வாங்குவார். படுத்துவிட்ட கோல்கீப்பரைச் சுற்றிப் போக ஒரு விநாடி போதும். நிற்கும் கோல்கீப்பரைச் சுற்றிப் போனால் கோணம் குறுகி, பின்கோடு வந்துவிடும்.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் அரையிறுதியை மறந்திருக்க மாட்டீர்கள். ஆஸ்திரேலியாவோடு 1–1. முதல் முயற்சியில் ரோசி மலோனை சவிதா தடுத்தார். கடிகாரம் ஓட ஆரம்பிக்கவில்லை என்று சொல்லி மறுபடியும் எடுக்க விட்டார்கள், இரண்டாம் முறை கோல். ஷூட்-அவுட் 0–3. எஃப்.ஐ.எச். பிறகு வருத்தம் தெரிவித்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் இந்தியத் தரப்பில் எடுத்த மூன்று முயற்சியும் உள்ளே போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோல்கீப்பர் தடுத்துக் கொடுப்பது பாதி. இரண்டு நாள் கழித்து நியூசிலாந்தோடு வெண்கல ஆட்டத்தில் அதே ஷூட்-அவுட்டில் 2–1 என்று வென்றார்கள். அந்த அணிக்கு இது முடியாத காரியம் இல்லை.

ராஞ்சியில் 3–4. சடன் டெத்வரை போனது. அதில் யார் மேலும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு சமமான அணிகளில் ஒன்று தோற்க வேண்டியிருந்தது. குறை சொல்ல வேண்டியது 24 மணி நேரம் கழித்து நடந்த ஜப்பான் ஆட்டத்தைத்தான்.

---

இடதுகோடி எழுதியது:

அந்த 24 மணி நேரம்தான் என் கவலையும். ஷூட்-அவுட்ல தோத்த அணி மறுநாளே வாழ்வா சாவா ஆட்டம் ஆடணும். முதல் பத்து நிமிஷம் உடம்பு களத்துல இருக்கும், மனசு நேத்தைய ஷூட்-அவுட்ல இருக்கும். உராட்டா கோல் ஆறாவது நிமிஷம். ஜப்பானும் முந்தின நாள் அரையிறுதி தோத்த அணிதான், அவங்களுக்கும் அதே 24 மணி நேரம்தான். ஆனா அவங்க கிடைச்ச கார்னரைப் போட்டாங்க, மீதி நேரம் முழுக்க டி-யை அடைச்சு வெச்சாங்க.

இன்னொண்ணு. போட்டிக்கு முன்னாடி வந்தனா கட்டாரியா காயத்தால விலகினாங்க. 300-க்கு மேல சர்வதேச ஆட்டம் ஆடின முன்கள வீராங்கனை. டோக்கியோவுல தென்னாப்பிரிக்காவோட ஹாட்ரிக் போட்டவங்க, ஒலிம்பிக்ல ஹாட்ரிக் போட்ட முதல் இந்திய வீராங்கனை. கோலுக்கு முன்னாடி ரீபவுண்டுக்கு மோப்பம் பிடிக்கற ஆள். நாலாவது கண்ணின்னு அண்ணன் சொன்னாரே, அது அவங்கதான்.

---

நீலத்தரை எழுதியது:

வந்தனாவைப் பற்றிச் சொன்னது மிகச் சரி, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கோல்கீப்பர் காலில் பட்டுத் திரும்பும் பந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் விழும். அங்கே மட்டையைத் தரையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஆள் வேண்டும். ஷாட் போன பிறகு ஓடினால் தாமதம், ஃபிளிக்கர் கை அசையும்போதே ஓட வேண்டும்.

குர்ஜித் விஷயத்தில் இடதுகோடி பக்கம் கொஞ்சம் நகர்கிறேன். அனுபவமுள்ள ஃபிளிக்கர் கெட்ட ஸ்டாப்பையும் ஓரளவு காப்பாற்றுவார். ஆனாலும் அவரை எடுத்துவிட்டால் எல்லாம் சரி என்பதை ஏற்க மாட்டேன். பாரிஸ் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். சீனா 1–0 என்று முன்னே நின்றது. கடைசிக் கால் பகுதியில் பெனால்டி கார்னரில் நெதர்லாந்தின் யிபி ஜான்சன் சமன் செய்தார், பிறகு ஷூட்-அவுட்டில் நெதர்லாந்து 3–1. ஜான்சனின் கை அபாரம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அணியின் கார்னரில் இன்ஜெக்ஷனும் ஸ்டாப்பும் கண்ணில் படுவதே இல்லை. அவ்வளவு சுத்தமாக நடக்கும். கண்ணில் படாத அளவுக்கு நடப்பதுதான் தரம்.

பள்ளி, கல்லூரி அணிகளை நடத்துகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே பயிற்சியை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

முதல் வாரம் ஃபிளிக் வேண்டாம். இன்ஜெக்டரும் ஸ்டாப்பரும் மட்டும். பத்து மீட்டர் குறியிலிருந்து 30 பந்து. டி கோட்டுக்கு வெளியே ஒரு சாண் அகலத்துக்கு இரண்டு கோன். பந்து அதற்கு நடுவே நின்றால் மட்டும் ஒன்று என்று எண்ணுங்கள். 30-க்கு 24 வராதவரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். ஸ்டாப்வாட்ச் வைத்து, பந்து கிளம்பியதிலிருந்து நின்றதுவரை 1.4 விநாடிக்குள் வருகிறதா என்று பாருங்கள். தள்ளுபவர் கையை மட்டும் வீசினால் வராது. பின்காலிலிருந்து முன்காலுக்கு உடல் எடை மாற வேண்டும், மட்டை பந்தை ஒட்டியே கடைசிவரை போக வேண்டும். மட்டை பந்தைத் தட்டினால் பந்து துள்ளும், அதை எந்த ஸ்டாப்பராலும் பிடிக்க முடியாது.

இரண்டாம் கட்டம் ஃபிளிக்கரைச் சேர்த்து, ரஷர் இல்லாமல். மூன்றாம் கட்டம்தான் ரஷர். பெரும்பாலான அணிகள் ரஷர் இல்லாமலே பயிற்சி எடுத்துவிட்டு ஆட்டத்தில் திகைக்கின்றன. ரஷர் முகக்கவசமும் முழங்கால் காப்பும் கையுறையும் போடாமல் ஓடக் கூடாது, பயிற்சியில்கூட. இதில் தளர்வு காட்ட வேண்டாம், முகத்தில் பட்டால் வாழ்நாள் காயம்.

ஃபிளிக்கருக்கு ஒரு நாளில் 40-க்கு மேல் வேண்டாம். இடுப்பும் கீழ்முதுகும்தான் முழுச் சுமையும் தாங்குகின்றன. வளரும் வயதுப் பெண்களுக்கு 20 போதும், வாரம் மூன்று நாள். மீதி நாள் பந்தில்லாமல் அடி எண்ணும் பயிற்சி.

தரையை இருமுறை மாற்றுங்கள். நனைத்து ஒரு செட், காய்ந்த பிறகு ஒரு செட். தண்ணீர் விட வசதியில்லாத தரை என்றால் பந்தை வாளித் தண்ணீரில் நனைத்தாவது தாருங்கள்.

---

புதுமட்டை எழுதியது:

40 விநாடி கடிகாரத்தையும் பயிற்சியில் சேர்க்க வேண்டுமா?

---

கோல்வலை எழுதியது:

கட்டாயம். சர்வதேச ஆட்டத்தில் பெனால்டி கார்னர் கொடுத்ததும் கடிகாரம் 40 விநாடி நிற்கும். தடுப்பவர்கள் கவசம் மாட்டவும், தாக்குபவர்கள் எந்த ஏற்பாடு என்று முடிவு செய்யவும் அந்த நேரம். ஐந்து பேர் கூடி ஆளுக்கொன்று சொன்னால் 40 விநாடியும் போய்விடும். சைகை முன்பே இருக்க வேண்டும், முடிவு ஒருவர் கையில் இருக்க வேண்டும். இன்ஜெக்டர் அந்த ஆளாக இருந்தால் நல்லது, எதிரணி ரஷர் எங்கே நிற்கிறார் என்பது அவருக்குத்தான் பக்கத்திலிருந்து தெரியும்.

---

செம்மண்திடல் எழுதியது:

ராஞ்சிக்குப் பிறகு நடந்ததையும் பதிவு செய்வோம். பயிற்சியாளர் யானெக்கே ஷாப்மன் பிப்ரவரியில் விலகினார், ஹரேந்திர சிங் வந்தார், சலிமா டெடே கேப்டன் ஆனார். நவம்பரில் பீகார் ராஜ்கீரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. ஏழு ஆட்டத்திலும் வெற்றி, இறுதியில் ஒலிம்பிக் வெள்ளி வென்ற சீனாவை 1–0. 31-வது நிமிடத்தில் தீபிகா, பெனால்டி கார்னரிலிருந்து. தொடரில் அவருக்கு 11 கோல், அதில் ஐந்து தாய்லாந்தை 13–0 என்று வென்ற ஆட்டத்தில்.

ஆனால் 2025 செப்டம்பர் ஹாங்சோ ஆசியக் கோப்பை இறுதியில் அதே சீனாவிடம் 1–4. தீபிகாவும் சவிதாவும் காயத்தால் இல்லை. முதல் நிமிடத்திலேயே நவ்நீத் கவுர் பெனால்டி கார்னரில் கோல் போட்டார். பிறகு ஒன்றும் வரவில்லை. உலகக் கோப்பைக்கு நேரடி இடம் சீனாவுக்குப் போனது.

---

இடதுகோடி எழுதியது:

பார்த்தீங்களா, தீபிகா இருந்தப்போ ராஜ்கீர், இல்லாதப்போ ஹாங்சோ. திரும்பவும் ஒரே ஆளை நம்பித்தான் நிக்கறோம். ரெண்டாவது ஃபிளிக்கரை ஜூனியர் அணியிலேயே எடுத்து வளர்க்கணும், சீனியர் முகாமுக்கு வந்த பிறகு கத்துக்கொடுக்கற வேலை இல்ல இது.

---

நீலத்தரை எழுதியது:

இரண்டாவது ஃபிளிக்கரோடு இரண்டாவது ஸ்டாப்பரையும் சேர்த்து எழுதுங்கள், இடதுகோடி. ஜோடியாகவே வளர்க்க வேண்டும். ஒருவர் பந்தை நிறுத்தும் இடமும் இன்னொருவரின் கடைசி அடியும் ஒன்றுக்கொன்று பழக ஒரு வருடமாவது ஆகும். செம்மண்திடல், ரெஃபரல் (அம்பயர் முடிவை வீடியோவில் பார்க்கக் கேட்பது) விதியையும் நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். டி-க்குள் காலில் பட்டதை அம்பயர் பார்க்காவிட்டால் கார்னரே கிடையாதே.

---

செம்மண்திடல் எழுதியது:

சுருக்கமாக: ஒரு அணிக்கு ஒரு ரெஃபரல். 23 மீட்டர் பகுதிக்குள் நடக்கும் கோல், பெனால்டி ஸ்ட்ரோக், பெனால்டி கார்னர் முடிவுகளுக்கு மட்டும். கேட்டது சரி என்று வந்தால் ரெஃபரல் கையிலேயே இருக்கும், வீடியோவில் தெளிவில்லை என்றாலும் இருக்கும், தவறு என்றால் போய்விடும். களத்தில் இருக்கும் வீராங்கனைதான் கேட்க வேண்டும், உடனே கேட்க வேண்டும். காலில் பட்டது யாருக்குப் பக்கத்தில் நடந்ததோ அவர் கையைத் தூக்கும்வரை கேப்டன் கேட்கக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் வீணாவது குறையும்.